எம் வீட்டு முதற் படகு

காவிரிக் கரையிற் பிறந்தார்க்குப் பரிசல் என்பது கடையில் விலை பேசி வாங்கும் பொருளாகத் தோன்றுவதில்லை. உலக்கையும் அம்மியும் போல அது வீட்டோடு பிறந்தது. என் பாட்டனார்க்கு ஒன்று இருந்தது; தந்தையார்க்கு ஒன்று இருக்கிறது; யானும் ஏழு வயதிலேயே துடுப்புப் பிடித்தவன். ஆயினும், இயந்திரம் பூட்டிய படகு ஒன்று எம் வீட்டிற்கு வந்தது 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். அதனைத் தேர்ந்தெடுத்த வரலாற்றையும், தேர்ந்தெடுத்தபின் அதனை எங்கே வைப்பது என்று நாங்கள் பட்ட பாட்டையும் நம் கல்லூரி நண்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றேன். விடுதியில் யான் இதனைச் சொல்லும்போதெல்லாம், "தருமபுரியில் படகா? அங்கே குடிக்கவே தண்ணீர் இல்லையே!" என்று நகைப்பவர் பலர். அவர்தம் ஐயத்தை முதலில் நீக்குதல் வேண்டும்.

தருமபுரி மாவட்டம் வறண்ட நிலந்தான், மறுப்பதற்கில்லை. எனினும் அதன் மேற்கெல்லையில் காவிரி ஒகேனக்கல்லிற் பாறைகளைப் பிளந்து வீழ்ந்து, பின் தெற்கு நோக்கிச் சென்று, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பிலே கலக்கின்றது. 1925-ஆம் ஆண்டிற் றொடங்கி 1934-ஆம் ஆண்டில் முடிந்த அவ்வணையின் நீர்த்தேக்கம், அக்காலத்துச் சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஸ்டான்லியின் பெயரைத் தாங்கியது. முழு அளவு 120 அடி. அப்போது அதனுள் அடங்கும் நீர் 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. அணை சேலம் மாவட்டத்தில் இருப்பினும், தேங்கிய நீர் பென்னாகரம் வட்டத்து ஊர்களின் வாயில்வரை வந்து நிற்கும். ஏரியூர்ப் பக்கத்திலுள்ள நாகமரையும் ஒட்டனூரும் அத்தகையன. நாகமரைக்கு எதிர்க்கரை பண்ணவாடி. ஒட்டனூர்க்கு எதிர்க்கரை கோட்டையூர். அணை கட்டுமுன் ஆற்றைக் கடந்தால் உறவினர் வீடு. அணை எழுந்தபின் நடுவே ஒரு கடலன்றோ வந்து புகுந்தது! எம் பூட்டனார் தம் வீட்டின் கதவையும் நிலையையும் மட்டும் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு மேட்டிற்கு ஏறியவர். அந்நிலை இன்றும் எம் வீட்டு வாயிலில் நிற்கின்றது.

என் அன்னையார் பிறந்தது கொளத்தூர்ப் பக்கம், அதாவது அக்கரை. நீர் நிறைந்த காலத்தில் அக்கரை ஒரு நீலக்கோடாகவே தோன்றும். பகலில் துறைப்படகு உண்டு. பொழுது சாய்ந்தால் இல்லை. சாலை வழியே செல்வதாயின் மேச்சேரி, மேட்டூர் என்று அணையைச் சுற்றி வரவேண்டும். மூன்றாண்டுகளுக்குமுன் ஒரு நாள் அந்தி கடந்த வேளையில், அன்னையாரின் தந்தையார் இறுதி நிலையில் இருக்கின்றார், மகளைக் கேட்கின்றார் என்று தொலைபேசியிற் செய்தி வந்தது. துறைப்படகு நின்றுவிட்டது; கடைசிப் பேருந்தும் போய்விட்டது. தந்தையார் பரிசலை எடுக்க எழுந்தார். காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. என் ஆயா, அதாவது தந்தையாரின் தாயார், வாயிலை மறித்து நின்றாள். அவள் தம்பி ஓர் ஆடி மாதத்தில் அந்நீரிற் போனவன். "ஒரு சாவுக்கு ரெண்டு சாவா?" என்று மட்டும் கேட்டாள். விடிந்தபின் புறப்பட்டோம். அன்னையார் செல்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்னையார் அதனைப்பற்றி யாரையும் குறை கூறவில்லை. ஆனால் மறு ஆண்டு மகளிர் குழுவில் கடன் பெறுவதற்குரிய முறை தமக்கு வந்தபோது, "ஏங்க, இந்தத் தடவை மாடு வேண்டாம், இஞ்சின் வெச்ச படகு ஒண்ணு வாங்கலாம்" என்றார். இரண்டு கறவை மாடுகளின் விலையை ஒரு படகிற் போடுவது பேதைமை என்று ஊரார் உரைத்தனர். மாடு பால் கொடுக்கும், படகு என்ன கொடுக்கும் என்பது அவர் வாதம். அவ்வாதத்திற்கு விடை கூறுதல் எளிதன்று. இன்றும் யான் முழு விடை கூறவியலாது.

இனித் தேர்வைப்பற்றிச் சொல்லுகின்றேன். எம் சிற்றப்பா முதலிற் கூறிய யோசனை, இருக்கும் பரிசலிலேயே ஒரு சிறு இயந்திரத்தைப் பூட்டிவிடலாம் என்பது. செலவில் பாதி மிச்சம். கேட்பதற்கு இனிதாகவே இருந்தது. பரிசலின் இயல்பை நோக்கினால் அது நடவாது என்பது புலனாகும். பரிசல் வட்டமானது, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூங்கிற் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் போர்த்து, தார் பூசி அமைக்கப்படுவது. அடி தட்டையாதலின் முழங்கால் ஆழ நீரிலும் மிதக்கும். பாறையில் உரசினாலும் வளைந்து கொடுக்கும். ஒருவர் தனியாக முதுகிற் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். இத்தனை நலமும் அதன் வட்டத்தாலும் இலேசான உடலாலும் வந்தவை. அதன் குறையும் அவற்றாலேயே வந்தது. ஒரு பக்கத்தில் இயந்திரத்தைத் தொங்கவிட்டால் அப்பக்கம் தாழும்; சுழலியின் உந்துதல் அதனை நேரே செலுத்தாது, பம்பரம்போற் சுற்றவைக்கும். பரிசற்காரர் துடுப்பை எப்பொழுதும் முன்புறத்திலிருந்து தம்மை நோக்கி இழுப்பதன் காரணமும் அதுவே. பின்னிருந்து தள்ளினால் வட்டம் திரும்பிக்கொள்ளும். முன்னிருந்து இழுத்தால் தொடர்ந்து வரும். சிற்றப்பா இதனை ஒப்பவில்லை. ஒரு நாள் தம் நண்பரின் நீரிறைக்கும் இயந்திரத்தைக்கொண்டு ஏதோ முயன்றார். கரையில் நின்ற சிறுவர் அன்று கண்ட மகிழ்ச்சியைத் திருவிழாவிலும் கண்டிரார்.

தமிழ் பயில்பவன் ஆதலின் இடையே ஒன்று சொல்லாதிருக்க இயலவில்லை. அம்பி, ஓடம், தோணி, திமில், பஃறி, புணை, வங்கம், நாவாய் என்று கலங்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் பல. எம் ஊரார் நாவில் வழங்குவதோ பரிசல் ஒன்றே. அதனைக் கேட்குந்தோறும் எனக்குப் பரிசில் என்னும் சொல்லே நினைவுக்கு வரும். எம் தருமபுரிதான் பண்டைத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் பரிசில் தர நீட்டித்தபோது ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள. அன்னையார் படகு கேட்டுத் தந்தையார் ஓராண்டு நீட்டித்த காலத்தில், "அம்மா, நீங்களும் ஒரு பாட்டுப் பாடிவிடுங்கள்" என்று யான் சொன்னதுண்டு. அவர்க்கு அது விளங்கவில்லை. தந்தையார்க்கு விளங்கியிருந்தால் அடி கிடைத்திருக்கும்.

அடுத்துக் கண்ணாடியிழைப் பரிசல். ஃபைபர் பரிசல் என்று எல்லாரும் கூறுவது இதுவே. தார் பூச வேண்டுவதில்லை. மூங்கில் உளுக்குமென்ற அச்சமும் இல்லை. ஆயினும் வடிவம் பழைய வட்டமே, இயந்திரத்திற்கு இடமில்லை. ஆதலின் அதுவும் விலக்கப்பட்டது. மூன்றாவது, துறையில் ஓடுவதுபோன்ற பெரும்படகு. அது பலரை ஏற்றுவதற்கு ஏற்றது. துறை குத்தகைக்காரர்க்கு உரியது. நாங்கள் கூலிக்கு ஆள் ஏற்றும் கருத்தே உடையோம் அல்லோம். வீட்டார் ஐவர், இரண்டு மூட்டை நிலக்கடலை அல்லது கேழ்வரகு, ஒருகால் ஓர் ஆடு. இவ்வளவே எம் சுமை. இதனைக் கணக்கிட்டபின் பதினாறடி நீளமுள்ள, அடி தட்டையான ஃபைபர் படகும், பின்பலகையில் மாட்டிக் கழற்றத்தக்க சிறு இயந்திரமும் போதும் என்ற முடிவிற்கு வந்தோம்.

படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றும் இயந்திரம் என்பது பெரிய கருவியன்று. ஆனால் அதன் வரலாறு சுவையுடையது. நார்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலி எவின்ரூட் என்பவர், ஒரு கோடை நாளில் தம் காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்கப் படகில் துடுப்பிட்டுச் சென்று, திரும்பி வருவதற்குள் அது உருகிப்போயிற்று என்றும், அவ்வருத்தமே அவரை இவ்வியந்திரத்திற்குத் தூண்டிற்று என்றும் கூறுவர். 1909-ஆம் ஆண்டிலிருந்து அவர் அதனை விற்பனைக்குச் செய்தார். அவர்க்கு உருகியது ஐஸ்கிரீம்.

இயந்திரம் வாங்கச் சென்ற நகரத்துக் கடைக்காரர் ஒருவர் 25 குதிரைத்திறனுக்குக் குறைந்ததைப்பற்றிப் பேசவே விரும்பவில்லை. "பறக்கும்" என்றார். தந்தையார், "எங்கே பறக்கறது?" என்று கேட்டார். அக்கேள்வி நகையாடலன்று. எம் நீர்ப்பரப்பின் அடியில் ஊர்கள் கிடக்கின்றன. வேலிக்கல், கிணற்று மேடு, மரத்தூர், சுவர் ஆகியவை நீர் தாழுந்தோறும் ஒவ்வொன்றாய் மேலெழும். பண்ணவாடிப் பக்கத்தில், நீர் நன்கு வற்றிய காலங்களில், மூழ்கிய கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும், சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் வெளிப்படும். பார்க்கவே மக்கள் திரள்வர். கோபுரம் வெளியே தெரியும்போது அஃது ஓர் அழகிய காட்சி. அரையடி நீருக்குக் கீழே மறைந்திருக்கும்போது அது படகின் அடியைக் கிழிக்கும் வாள். எம் ஆலயமாயிருந்தாலென்ன, அவர் கோயிலாயிருந்தாலென்ன, மறைந்திருக்கும் கல் ஒரு தன்மையதே. ஆதலின் விரைவு எமக்கு வேண்டுவதன்று. மெல்லச் செல்லும்போதும் நின்றுவிடாத இயந்திரமே வேண்டுவது.

இரண்டடிப்பு இயந்திரமா, நான்கடிப்பு இயந்திரமா என்பது அடுத்த வழக்கு. டூ-ஸ்ட்ரோக், ஃபோர்-ஸ்ட்ரோக் என்று இருசக்கர வண்டிக்காரர் பேசுவதே இது. நான்கடிப்பு புகை குறைந்தது, எண்ணெய் குறைவாகக் குடிப்பது, ஓசையும் தணிந்தது. யான் அதற்கே வழக்காடினேன். நீரை மாசுபடுத்தல் ஆகாது என்று கல்லூரியிற் கற்றதை எல்லாம் எடுத்துரைத்தேன். தந்தையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதனைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எட்டுக் குதிரைத்திறன் அளவில் நான்கடிப்பு இயந்திரம் 40 கிலோவை ஒட்டி நிற்கும். இரண்டடிப்பு 27 கிலோ அளவே. ஏன் எடையை அவர் அத்துணைப் பெரிதாகக் கொண்டார் என்பது படகை வைக்கும் இடத்தைப்பற்றிச் சொல்லும்போது விளங்கும். உண்மையிலே, எதனை வாங்குவது என்பதை எங்கே வைப்பது என்பதே தீர்மானித்தது.

படகோ பழையது, புதியதற்கு எம்மிடம் பணமில்லை. முதலிற் பார்த்த படகு மயிலின் கழுத்துப்போல நீலமும் பச்சையுமாக மின்னிற்று. தந்தையார் மேற்புறத்தை நோக்கவேயில்லை. கவிழ்க்கச் சொல்லி, ஐந்து ரூபாய் நாணயத்தால் அடிப்பரப்பு முழுதும் தட்டிக்கொண்டே சென்றார். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வரும்; இழைகள் பிரிந்து உள்ளே நீர் புகுந்த இடத்தில் மந்தமாக, ஈரமண்ணைத் தட்டினாற்போல வரும். பின்பலகையருகே அவர் கை நின்றது. பின்பலகை என்பது இயந்திரம் தொங்கும் இடம். வெளியே கண்ணாடியிழை போர்த்திருப்பினும் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகையே இருக்கும். திருகாணித் துளை வழியாக நீர் இறங்கினால் அப்பலகை உள்ளுக்குள்ளே மக்கும். புறத்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் நடுநீரில் இயந்திரம் பலகையோடு கழன்று ஆழத்திற் போகும். அப்படகை விடுத்து வேறொன்றைத் தேடினோம். நான்காவதாகக் கண்டதே எம் படகு. நிறம் வெளிறியது, முன்பக்கத்தில் ஓர் ஒட்டுப்போட்ட தழும்பு, அடி எங்கும் கணீர்.

வாங்குமுன் ஆயா ஒரு கேள்வி கேட்டாள்: "கவுந்தா மெதக்குமா கண்ணு?" எத்தனையோ அளவு பார்த்த நாங்கள் எவரும் அதனைக் கேட்டிலோம்! படகு கவிழ்ந்தாலும் நீர் நிரம்பினாலும் மூழ்காதிருக்க வேண்டுமாயின், இருக்கைகளின் அடியில் அடைத்த அறைகள் இருத்தல் வேண்டும்; அவற்றுள் நுரைப்பொருள் நிரப்பியிருத்தல் இன்னும் நன்று. இடுப்பளவு நீரில் நிறுத்தி, வாளி வாளியாக நீர் ஊற்றி விளிம்புவரை நிரப்பினோம். தாழ்ந்தது, ஆனால் மூழ்கவில்லை. சிற்றப்பாவும் யானும் ஏறி நின்றோம். அப்போதும் எம்மைத் தாங்கிற்று. கரையில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆயா, "சரி, வாங்கு" என்றாள். மிதப்புச் சட்டை வீட்டார் ஒவ்வொருவர்க்கும் ஒன்று என்பதும் அவளிட்ட நிபந்தனை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒகேனக்கல்லிற் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தார் அறுவர் மாண்டதை எம் பக்கத்தார் எவரும் மறந்திலர். லைஃப் ஜாக்கெட் என்னும் சொல் ஆயாவின் வாயில் புகுந்ததும் அப்பொழுதேதான்.

இவ்வளவும் முடிந்தபின் அரசின் முறை. மூங்கிற் பரிசலுக்கும் இயந்திரப் படகுக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு உண்டு. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரத்தால் இயங்கும் கலத்திற்கு ஆய்வுச் சான்றையும் பதிவையும் கேட்கின்றது. படிவங்களை நிரப்பும் பணி என் தலையில் வீழ்ந்தது. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் யான் கற்றவற்றுள் வீட்டிற்கு நேரே பயன்பட்டது அதுவொன்றே என்று தங்கை கூறுவாள்.

இனி வைக்கும் இடம். இங்கேதான் எம் நீர்த்தேக்கத்தின் குணம் வெளிப்படுகின்றது. கடற்கரையில் நீர் ஏறுவதும் இறங்குவதும் ஒரு நாளைக்குள் நடந்து முடியும். ஏரியில் நீர் பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும். மேட்டூர் நீர்த்தேக்கமோ இரண்டும் அல்லாதது. கர்நாடகத்து மழையும் டெல்டாவின் பாசனமும் அதன் கரையை நடத்துகின்றன. குறுவைக்காக ஜூன் 12-ஆம் நாள் அணை திறப்பது வழக்கம். நீர் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். நாங்கள் படகு தேடிக்கொண்டிருந்த 2024-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் நீர்மட்டம் ஏறத்தாழ 40 அடி. எம் வீட்டிலிருந்து நீரைக் காணவே வெடித்த சேற்று நிலத்தில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஜூலை 30-ஆம் நாள் அதே நீர்மட்டம் 120 அடி! ஒரு மாதத்தில் 80 அடி. எம் கரையின் சரிவு மெல்லியது. நீர் 1 அடி ஏறினால் கரை 20 அடி பின்வாங்கும் என்பது தந்தையார் கணக்கு. அக்கணக்கின்படி 80 அடிக்கு 1600 அடி. மாலையில் மேட்டிற் கட்டிய கயிறு காலையில் நீருக்குள் இருக்கும். படகு கயிற்றின் நீளத்திற்குள் அகப்பட்டு முக்குளிக்கும். நீர் இறங்குங் காலத்திலோ, மாலையில் மிதந்த படகு காலையில் சேற்றில் அமர்ந்திருக்கும். ஐந்தாள் சேர்ந்தாலும் அசையாது.

பரிசலுக்கு இவ்விடர் இல்லை. மாலையில் முதுகிற் கவிழ்த்துக்கொண்டு வீட்டிற்கு வந்துவிடலாம். காற்றில் உருளாமலிருக்க மேலே ஒரு கல். ஆண்டுக்கு ஒருமுறை தார். நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டதை வேதபாட வகுப்பிற் படித்தபோது, ஊரில் தார் காய்ச்சும் மணமே என் நினைவில் எழுந்தது. பேழையை நீர் வடிந்தபின் எங்கே வைத்தார்கள் என்பதைப்பற்றி அவ்வகுப்பில் எவரும் கேட்கவில்லை. மலைமேல் நின்றுவிட்டது, அவர்க்குக் கவலையில்லை.

நாங்கள் கண்ட வழி இது. படகை நீரோரத்தில் விடுவது. இயந்திரத்தை ஒவ்வொரு மாலையும் கழற்றி வீட்டிற்குக் கொணர்வது. தந்தையார் 27 கிலோவில் நின்றதன் காரணம் இதுவே. அவரும் யானும் இல்லாத நாளில் அன்னையாரும் தங்கையும் அதனை ஒரு கழியில் தொங்கவிட்டு, இருவர் தோளிலும் தாங்கி, நீர் எத்துணைத் தொலைவில் இருப்பினும் கொண்டுவருதல் கூடும். 40 கிலோவாயின் நடுவழியிற் கீழே வைத்துவிடுவர். சேற்றில் வைத்த இயந்திரம் பிறகு எதற்கு ஆகும்? என் நான்கடிப்பு வழக்கு அவ்விடத்தில் தோற்றது. தோற்றதில் எனக்கு வருத்தமுண்டு. இரண்டடிப்பு இயந்திரம் செல்லுந்தோறும் நீர்மேல் ஒரு வண்ணத் தோலை விட்டுச் செல்கின்றது. அதனைப் பார்க்க எனக்கு மனமொப்பவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் என்று அளந்தே கலக்கவேண்டும் என்று தங்கைக்கு ஓர் அளவுக்குவளை வாங்கித் தந்தேன். கண்ணளவில் ஊற்றும் பழக்கம் எம் வீட்டில் அத்துடன் நின்றது.

படகைப் பல நாள் எடுக்காத காலத்தில், காட்டாகக் கடும் வெள்ளத்திலோ ஆடிக் காற்றிலோ, அதனை மேட்டிற்கு இழுத்துவிடுகின்றோம். பழைய டயர் வண்டி ஒன்றின் அச்சைக்கொண்டு ஊர்ப் பட்டறைக்காரர் ஒரு தள்ளுவண்டி செய்து தந்தார். முற்றத்துப் புளியமரத்தடியில் மூன்று டயர்களின்மேல் படகு அமர்கின்றது. நடுவில் ஒரு டயர் மட்டும் வைத்தால் முதுகு வளைந்துவிடும். முன், நடு, பின் மூன்றிடத்திலும் தாங்கல் வேண்டும். மூக்குப் பக்கம் சற்றே உயர, பின்பக்கம் தாழ இருத்தல் நலம்; பின்னடியிலுள்ள அடைப்பானைக் கழற்றிவிட்டால் மழைநீர் தானே வடியும். அதனைக் கழற்ற மறந்த அயலூரார் ஒருவர் படகில் மழைநீர் நிறைந்து, அப்பாரத்தாலேயே அடி பிளந்ததை யான் கண்டேன். கழற்றிய அடைப்பானை மீண்டும் மாட்டாமல் நீரில் இறக்குவோரும் உளர்; அவர்க்குக் கிடைக்கும் பயன் உடனே கிடைக்கும். அடைப்பானை ஒரு சிவப்புக் கயிற்றிற் கட்டி, இயந்திரத்தின் கைப்பிடியில் மாட்டிவைப்பது எம் வீட்டு வழக்கம். இயந்திரத்தை எடுக்கும்போது அது கையில் தட்டும்.

வெயிலும் கண்ணாடியிழைக்குப் பகை. மேற்பூச்சு சுண்ணாம்புபோற் பொடிந்து போகும். தார்ப்பாயை நேரே போர்த்தினால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். ஆதலின் குறுக்கே இரண்டு மூங்கிலை வளைத்துக் கட்டி, அதன்மேல் பாய் விரித்துக் காற்றோட வைத்திருக்கின்றோம். கோழிகள் இவ்வேற்பாட்டைப் பெரிதும் வரவேற்றன. முட்டை காணாமற் போனால் முதலிற் படகில் தேடுவது இப்போது வழக்கமாயிற்று.

இயந்திரத்தை நிமிர்த்தியே வைக்கவேண்டும். படுக்கவைப்பதாயின் எப்பக்கம் என்பது அதன் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். நெடுநாள் வைப்பதற்குமுன் எரிபொருட் குழாயைக் கழற்றிவிட்டு, தானே நிற்கும்வரை ஓடவிட்டு, உள்ளிருக்கும் பெட்ரோலை எரித்துவிடல் வேண்டும். இக்காலத்துப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. நீர் மிகுந்தால் அது பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியிற் படியும். தரையில் ஓடும் வண்டி அதனால் நின்றுவிட்டால் தள்ளிச் செல்லலாம். நடுநீரில் யாரைத் தள்ளச் சொல்வது? ஆதலின் ஒரு மாதத்திற்கு மேற்பட்ட பெட்ரோலைப் படகிற்குப் பயன்படுத்துவதில்லை. அடுக்களைக்கும் பெட்ரோற் கலத்திற்கும் இடையே வீட்டின் முழு நீளம் இருக்கவேண்டும் என்று அன்னையார் கோடு கிழித்துவிட்டார். கீழ்ப்பகுதியிலுள்ள பற்சக்கர எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்ப்போம். பால்போல வெண்மையாயிருந்தால் நீர் புகுந்தது என்று பொருள். எரிபொருட் குழாயை எலி கடிக்கும்; நீர் வெளிவரும் சிறு துளையிற் குளவி கூடு கட்டும். ஒரு துணியைச் சுற்றி வைத்தால் இரண்டிற்கும் போதும்.

மிதப்புச் சட்டைகளின் காவல் ஆயாவினுடையது. நிழலில் உலர்த்தி, தன் கட்டிலின் தலைமாட்டில் ஆணியில் மாட்டிவைத்திருக்கின்றாள். படகெடுப்போர் அவளிடமே சென்று வாங்கவேண்டும். வாங்கியவர் அங்கேயே அணிந்து வார்களைப் பூட்டிக் காட்டவேண்டும். சிற்றப்பா ஒரு நாள், "நான் நீச்சல் தெரிஞ்சவன், எனக்கெதுக்கு?" என்றார். "என் தம்பிக்கும் தெரியும்" என்றாள் ஆயா. அதன்பின் அவர் ஒன்றும் பேசவில்லை.

இரவிற் படகு எடுப்பதில்லை என்பதே முதலிற் செய்த விதி. அன்னையார் அதற்கு ஒரு விலக்குக் கேட்டார். உயிர்க்கு இறுதி என்று செய்தி வந்தால் மட்டும் என்றார். அவர் எதனை நினைத்துக் கேட்டார் என்பது எல்லார்க்கும் தெரியும். தந்தையார் வாய் திறக்கவில்லை, ஆயாவையே நோக்கினார். ஆயா இரண்டு நாள் விடை கூறவில்லை. மூன்றாம் நாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமலே, "நிலா இருந்தா போ. காத்து இருந்தா நிலா இருந்தாலும் போகாதே" என்றாள். அதுவே இன்றுவரை சட்டம். தந்தையார் ஒரு பெரிய கைவிளக்கும் வாங்கி வைத்திருக்கின்றார். அதற்கு இதுவரை வேலை வரவில்லை.

ஆயா மட்டும் இன்னும் அப்படகில் ஏறியதில்லை. தந்தையாரும் பரிசலை விட்டவரல்லர். மீன் பிடிக்கச் செல்லும்போது ஓசையில்லாத பரிசலே ஆகும் என்கின்றார். அரஞ்சானும் கெளுத்தியும் இயந்திரத்தின் குரலைக் கேட்டால் வலைப்பக்கம் வாரா என்பது அவர் கொள்கை. படகில் அக்கரை செல்லும் நாட்களிலும் ஒரு துடுப்பை அடியில் மறைத்து வைத்தே செல்கின்றார். எரிபொருள் தீர்ந்தால் என்ன செய்வது என்பது அவர் சொல்லும் காரணம். அன்னையார் மாதத்திற்கு ஒருமுறை தம் தாயாரைக் கண்டு வருகின்றார். காலை சென்று மாலைக்குள் மீளுகின்றார். திரும்பும்போது படகில் முருங்கைக்காய்க் கட்டும், சில நாள் ஒரு பலாவும் இருக்கும்.

சென்ற வாரம் விடுதிக்குத் தந்தையார் பேசினார். நீர் இறங்கத் தொடங்கிவிட்டதாம். கயிற்றை இரண்டுமுறை கீழே மாற்றிக் கட்டினாராம். மேற்பூச்சு வெளிறிவிட்டது, விடுமுறைக்கு வரும்போது ஒரு டப்பா வண்ணம் வாங்கி வா என்றார். என்ன நிறம் என்று கேட்டேன். பின்னே ஆயாவின் குரல் கேட்டது: தூரத்தில் தெரியற நிறம்.